மாமனாரை இறக்கும் படலம்

மனித குலம் இதுவரை எடுத்த மகத்தான முடிவுகள் அனைத்தும் உட்கார்ந்தபடியே எடுக்கப்பட்டவை. போர்கள் நாற்காலியில் அறிவிக்கப்பட்டன. சமாதானங்கள் நாற்காலியில் கையெழுத்தாயின. நின்றுகொண்டு முடிவெடுத்தவர்கள் எல்லாம் இந்தப் பஸ்ஸில் ஏறுவதா, அடுத்த பஸ்ஸில் ஏறுவதா என்ற அளவில்தான் எடுத்திருக்கிறார்கள். அந்த உயர்ந்த மரபை அணுவளவும் மீறாமல், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் துணை மேலாளர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சோபாவில் பாதி உட்கார்ந்தும் பாதி படுத்தும் இருந்த நிலையில், தன் மாமனாரைத் தூக்குவது என்று முடிவெடுத்தார்.

தூக்கி எங்கேயும் போடுவதற்கு இல்லை. பதறவேண்டாம். மூன்றாவது மாடியிலிருந்து வாசல் வரை பத்திரமாக இறக்குவதற்குத்தான்.

மாமனார் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி, மீதிப் பேரைக் கீழே இறக்கியவர். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு மகள் வீட்டுக்கு வந்தார். வந்த அன்று நான்கு பேர் பிடித்து மேலே கொண்டுவந்து விட்டதுதான், அதன்பின் கீழே இறங்கவே இல்லை. அந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று ஒரு பலகையும் இருந்தது. குடியிருப்போர் சங்கம் தூங்குகிறது என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிட முடியாது. எழுத்து மங்கியதும் பலகையை உடனே புதிதாக மாற்றிவிட்டார்கள்.

அன்று மதியம் மாமனாரின் தங்கை போனில் வந்தார். துணை மேலாளரின் மனைவிக்கு அத்தை. எனவே துணை மேலாளருக்கு முறைப்படி சித்தி. மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள்.

"அண்ணா, பையன் டிக்கெட் போட்டுட்டான், இன்னும் ரெண்டு மாசத்துல கிளம்பறேன். இனிமே அவனோடயே வெளிநாட்டுல இருந்துட வேண்டியதுதான். திரும்பி வர்றதெல்லாம் என் கையில இல்ல," என்றார் அத்தை. "ஏர்போர்ட் போற வழியிலதானே நீ இருக்க. வாசல்ல காரை நிறுத்தச் சொல்றேன். ஒரு அரை மணி நேரம் உன்னைப் பாத்துட்டுப் போறேன். ஆனா மூணு மாடி என்னால ஏற முடியாதுண்ணா. என் முழங்கால்தான் உனக்குத் தெரியுமே."

"தெரியாம என்ன? என் முழங்காலுக்குத் தங்கச்சியாச்சே," என்றார் மாமனார்.

"அதான் போன்ல தினமும் முகத்தைப் பாக்குறோமே அத்தை," என்றாள் மனைவி.

"முகத்தைப் பாத்தா ஆச்சா? எனக்கு அவன் கையைப் பிடிக்கணும்மா. போன்ல கையைப் பிடிக்க முடியுமா?"

மாமனார் சுவரைப் பார்த்தார். ஒருவரால் ஏற முடியாது, இன்னொருவரால் இறங்க முடியாது, நடுவில் வெறும் மூன்று மாடி. அப்போதுதான் துணை மேலாளர் சோபாவில் எழுந்து உட்கார்ந்தார்.

"நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? மாமாவை நான் தூக்கிட்டு வர்றேன் சித்தி!"

"நல்லா இருங்க மாப்பிள்ளை," என்று அத்தை தழுதழுத்தார். பிறகு நினைவு வந்தவராக, "ஆமா, உங்க கல்யாணத்துக்கு நான் ஒரு பீங்கான் தட்டு செட்டு வாங்கிக் குடுத்தேனே, அதுல சாப்பிடறீங்களா?"

"என்ன சித்தி இப்படிக் கேட்டுட்டீங்க! கண்ணாடி அலமாரியில பத்திரமா வச்சிருக்கோம். இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவைகூட வெளிய எடுத்ததில்ல. ஒரு கீறல் இருக்காது."

அது முற்றிலும் உண்மை. ஞாயிறுதோறும் துணை மேலாளர் அலமாரிக் கண்ணாடியைத் தன் கையாலேயே துடைப்பார். விருந்தாளி வந்தால்கூட அந்தப் பக்கம் கை நீட்ட மனைவிக்கு அனுமதி இல்லை.

வாக்குக் கொடுத்த சூட்டோடு சூடாக அன்று சாயங்காலமே ஒத்திகை நடந்தது. மாமனார் அப்படியொன்றும் பருத்த உடம்புக்காரர் அல்ல. கட்டிலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினார். துணை மேலாளர் குனிந்தார், கையைக் கொடுத்தார், மூச்சைப் பிடித்தார். எங்கோ 'மடக்' என்றது. மாமனார்தான் மருமகனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைக்கவேண்டியதாயிற்று.

"பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கலாமே மாப்பிள்ளை. நாற்காலியில உக்கார வச்சு ரெண்டு பேராத் தூக்கினா ஆச்சு, முடிஞ்சுது."

"ரெண்டு பேராத் தூக்கறதுக்கு நான் எதுக்கு மாமா? இன்னும் நாள் இருக்கு. உடம்பை ஏத்திக்கிட்டு, ஒத்தை ஆளாத் தூக்கிக் காட்டறேன் பாருங்க!"

இப்படியாகத் துணை மேலாளர் ஜிம்முக்குப் போவது என்று ஆயிற்று. எந்த ஜிம் என்பதுதான் கேள்வி. தன் பிரிவுக்கு வரும் எந்த விண்ணப்பத்தையும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் ஒப்புதல் தந்தது கிடையாது. ஒப்பிட்டுப் பார்த்த பிறகும் பெரும்பாலும் தந்தது கிடையாது. நல்லவேளையாக, அலுவலகம் இருந்த தெருவிலேயே இரண்டு ஜிம்கள் எதிரும் புதிருமாக இருந்தன. இந்தப் பக்கம் 'மெல்ல மெல்ல உடல்நல மையம்'. அந்தப் பக்கம் 'உருக்கு உலை'. முன்னதில் சேர்ந்தவர்கள் பின்னதை 'மாட்டுக் கொட்டகை' என்றார்கள். பின்னதில் சேர்ந்தவர்கள் முன்னதை 'அழகு நிலையம்' என்றார்கள். அலுவலகமே இரு கட்சியாகப் பிரிந்து, சாப்பாட்டு இடைவேளையில் தனித்தனி மேசையில் உட்கார்ந்தது. இரண்டு மேசையிலும் யாரும் சாப்பிடவில்லை. எதைச் சாப்பிடக்கூடாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

துணை மேலாளர் ஆழ்ந்து ஆராய்ந்து, ஏ.சி. இருக்கும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்.

'மெல்ல மெல்ல' ஓர் அற்புதமான நிறுவனம். நுழைந்ததும் சோபா. சோபாவுக்கு எதிரே சோபா. நாலு பக்கமும் கண்ணாடி. சுவரில் 'நீங்கள் ஏற்கெனவே அழகுதான்' என்று எழுதியிருந்தது. அப்படியானால் எதற்கு வரவேண்டும் என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாரும் பண்பற்றவர்கள் இல்லை. பயிற்சி தருபவர் ஒரு சிரித்த முகத்து இளைஞர். எதைச் சொன்னாலும் "சூப்பர் சார்!" என்பார். அதனால் எல்லோரும் அவரை 'சூப்பர் சார்' என்றே அழைத்தார்கள்.

"உங்க லட்சியம் என்ன சார்?"

"மாமனாரைத் தூக்கணும்."

"சூப்பர் சார்!"

"முதுகு வேற பிடிச்சிருக்கு."

"சூப்பர் சார்! உடம்பு உங்ககிட்ட பேசுது! எல்லாருக்கும் பேசாது!"

துணை மேலாளருக்குத் தன் முதுகின் மேல் புதிய மரியாதை பிறந்தது. தினமும் மாலை ட்ரெட்மில்லில் ஏறி, எதிரே தொங்கிய டி.வி.யில் ஒரு தொடரைப் பார்த்தபடி நடந்தார். தொடரில் மாமியார் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்தினால் வேகம் கூடும். சமாதானமானால் குறையும். அவர் அங்கே நடந்த தூரத்தை நேராக நடந்திருந்தால், மாமனாரின் தங்கை வீட்டுக்கே போய், கையைப் பிடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பியிருக்கலாம்.

பலன் இல்லாமல் இல்லை. சில வாரங்களில் அவரிடம் விசேஷக் காலணி, விசேஷத் துண்டு, நெற்றிப் பட்டை, குலுக்கிக் குடிக்கும் குப்பி எல்லாம் சேர்ந்துவிட்டன. டம்பெல்லைக் கையில் பிடித்தபடி எடுத்த போட்டோவை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். தூக்கியபடி எடுக்கவில்லை. பிடித்தபடிதான்.

ஒருநாள் ஜிம்மிலிருந்து திரும்பியபோது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் மனைவி இடுப்பில் தண்ணீர் கேனோடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பழுதானதிலிருந்து கேன்காரர் கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மூன்று மாடியும் அவள்தான் சுமந்தாள்.

"ஏங்க, ஒரு கை பிடிங்களேன்."

"அடடா, இப்பதான் 'கூல் டவுன்' முடிச்சிட்டு வர்றேன்," என்று துணை மேலாளர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். "இப்பப் போய் எதையாவது தூக்கினா மறுபடி சூடாயிடும். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"வேணாம் வேணாம். நீங்க ஆறிப் போயிடாம மேல போங்க," என்றாள் மனைவி.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளே கட்டாயப்படுத்தி இரண்டாவது ஒத்திகை நடத்தினாள். மாமனார் கையை நீட்டினார். துணை மேலாளர் குனிந்தார். மாமனார் கட்டிலைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியதாகத் துணை மேலாளருக்குத் தோன்றியது. மாமனாருக்குத் தோன்றவில்லை. மறுநாள் சூப்பர் சாரிடம் முறையிட்டபோது அவர் கண் கலங்கிவிட்டார்.

"தூக்கறதா சார் முக்கியம்? தூக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சே, அதுதான் சார் முக்கியம். சூப்பர் சார்!"

அந்தக் கணத்தில் துணை மேலாளர் தெருவைக் கடந்தார்.

'உருக்கு உலை'யில் சோபா இல்லை. மின்விசிறி இருந்தது, ஆனால் அதைப் போடுகிறவன் கோழை. சுவரில் 'வலிக்கிறதா? நல்லது' என்று கரியால் எழுதியிருந்தது. அங்கிருந்த மாஸ்டருக்குக் கழுத்து கிடையாது. தேவையில்லாத பகுதிகளை எல்லாம் பயிற்சியாலேயே அகற்றிவிட்டார் என்று சீடர்கள் பக்தியோடு சொன்னார்கள். அவர் பேசவும் மாட்டார், கர்ஜிப்பார்.

"என்ன சார் இது? கையா, கயிறா?"

"கைதான் மாஸ்டர்."

"எதிர்ல இத்தனை நாள் என்ன கிழிச்சீங்க?"

"நடந்தேன்."

"நடக்கறதுக்கு ரோடு இருக்கு சார்! என்ன தூக்கணும் உங்களுக்கு?"

"மாமனாரை."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அதுதான் அந்த நிறுவனத்தின் பெருமை. அங்கே எதற்கும் சிரிக்க மாட்டார்கள். மாமனாரின் எடை, உயரம், பிடிமானம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார்.

"எடுத்த எடுப்புல முழு மாமனாரைத் தூக்கக் கூடாது சார். முதுகு போயிடும். லேசுல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். இவரைவிட லேசா வேற மாமனார் யாராவது இருக்காங்களா?"

"இல்ல மாஸ்டர். எனக்கு ஒரே மனைவிதான்."

"அப்ப சிக்கல்தான்," என்றார் மாஸ்டர், உண்மையான கவலையோடு. "சரி, இரும்பை வச்சு சமாளிப்போம்."

நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். உடம்பு ஏறியது. கயிறு கையாயிற்று. சட்டைக் கை பிதுங்கியது. மாமனாரைவிடக் கனமான இரும்புத் தடியைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்று, 'ஹா!' என்று கத்திக் கீழே போடுவார். போடும் சத்தத்தில் எதிர்ப்பக்கத்து 'மெல்ல மெல்ல'வில் டி.வி. தொடர் ஒரு நொடி நின்று ஓடும். முட்டையை வெள்ளை வேறு, மஞ்சள் வேறு என்று பிரித்துச் சாப்பிட்டார். வீட்டில் மற்றவர்கள் மஞ்சளாகவே சாப்பிட்டார்கள். குளித்துவிட்டு வந்தால் கண்ணாடி முன் நின்று வலது கையைப் பார்ப்பார், பிறகு இடது கையைப் பார்ப்பார். இரண்டுக்கும் மனத்தாங்கல் வந்துவிடக்கூடாது என்று மறுபடி வலது கையைப் பார்ப்பார்.

ஆனால் 'உருக்கு உலை'க்கு ஒரு விதி உண்டு. மாஸ்டர் போட்டுத் தரும் அட்டவணையில் இல்லாத எடையைத் தொடக்கூடாது. தொட்டால் தசைக்குக் குழப்பம் வரும். எனவே துணை மேலாளர் அலுவலகத்தில் எதிர் மேசையில் இருக்கும் ஃபைலை எடுக்கக்கூட மணியடித்து உதவியாளரைக் கூப்பிட்டார். வீட்டில் செருப்பு அலமாரியை நகர்த்தவேண்டி வந்தபோது மனைவி நகர்த்தினாள், அவர் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, இப்ப ஒரு தடவை தூக்கிப் பாத்துடலாமா?" என்று மாமனார் கேட்டார்.

"இன்னைக்குக் கால் நாள் மாமா. காலுக்கு மட்டும்தான் பயிற்சி."

மறுநாளும் கேட்டார்.

"இன்னைக்கு முதுகு நாள் மாமா."

"முதுகாலதானே தூக்கணும் மாப்பிள்ளை?"

"அதான், இருந்த முதுகையெல்லாம் அங்கேயே செலவு பண்ணிட்டு வந்துட்டேனே!"

அதற்குப்பின் மாமனார் கேட்கவில்லை. தங்கை வரும் நாளுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டையை மகளிடம் சொல்லி இஸ்திரி போட வைத்து, கட்டில் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டார். தினமும் காலையில் அதைத் தடவிப் பார்ப்பார். தங்கையைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது மகளுக்குப் புரிந்தது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது.

படிக்கட்டில் தண்ணீர் கேன் விஷயத்திலும் துணை மேலாளர் இப்போது சும்மா இருக்கவில்லை. அறிவியல் பூர்வமாகத் தலையிட்டார்.

"நில்லு நில்லு! முதுகை நேரா வை. பாரத்தைக் குதிகாலுக்குக் கொண்டு வா. ஏறும்போது மூச்சை வெளிய விடணும்!"

"மூச்சு தானாவே வெளியதாங்க போயிட்டிருக்கு," என்றாள் மனைவி. "நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்."

நாள் வந்தது. அதாவது, அதற்கு முந்தின நாள் வந்தது. சனிக்கிழமை மாலை துணை மேலாளர் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"ஆமா. நாளைக்குத்தான் அத்தை வர்றாங்க."

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஓய்வு நாள். ஓய்வு நாள்லதான் தசை வளருமாம். அன்னைக்கு ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு."

மனைவி அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பார்ப்பதற்கு இப்போது நிறையவே இருந்தது.

"டம்ளரைத் தூக்க வேணாம். எங்கப்பாவைத் தூக்குங்க."

"அது டம்ளரைவிடக் கனம்ல?"

"அப்ப விடுங்க. நான் கீழ போய் ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வர்றேன். நாற்காலியோட இறக்கிடுவாங்க. இதை அன்னைக்கே செஞ்சிருக்கணும். என் புத்தியைச் சொல்லணும்!"

துணை மேலாளருக்கு நெஞ்சில் அடித்ததுபோல் இருந்தது. "கூலிக்கு ஆளா? என் மாமனாரையா? இவ்வளவு உடம்பை வச்சுக்கிட்டு நான் அதை நின்னு வேடிக்கை பாக்கணுமா?" என்று பொங்கி, அப்படியே திரும்பிப் போய் மாஸ்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மாஸ்டர் நெடுநேரம் யோசித்து, அந்த நிறுவனத்தின் சரித்திரத்திலேயே முதல்முறையாக ஒரு 'சிறப்பு அனுமதி' வழங்கினார். அது மட்டுமல்ல, மூத்த சீடர்களோடு தாமே நேரில் வந்து மேற்பார்வை செய்வதாகவும் சொல்லிவிட்டார். துணை மேலாளர் இன்னும் விலகாமல் வைத்திருந்த 'மெல்ல மெல்ல' வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவி, சூப்பர் சாரும் மனோபலம் தருவதற்காக வருவதாக இதயக்குறி போட்டார்.

ஞாயிறு காலை மாமனார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, வாசல் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையில் தங்கைக்கென்று ஒரு பொட்டலம். உள்ளே என்ன என்று மகளிடம்கூடச் சொல்லவில்லை.

மாஸ்டரும் சீடர்களும் வந்தபோது வாசல் நிலை போதவில்லை. ஒருவர் ஒருவராகப் பக்கவாட்டில் நுழைந்தார்கள். இத்தனை பலம் ஒரே கூடத்தில் கூடி அந்தக் கட்டடம் பார்த்ததில்லை.

"வார்ம்-அப்!" என்று மாஸ்டர் கர்ஜித்தார்.

எல்லோரும் குதித்தார்கள். கண்ணாடி அலமாரியில் தட்டுகள் கடகடவென்று ஆடின. துணை மேலாளர் ஓடிப்போய் அலமாரியை இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் முதன்முதலில் தாங்கிய எடை அதுதான்.

மாமனாரின் போன் அடித்தது.

"அண்ணா, வாசல்ல வந்துட்டேன்."

"இதோ, வந்துட்டே இருக்கேம்மா," என்றார் மாமனார், உட்கார்ந்தபடியே.

"வந்துட்டாங்க, தூக்குங்க," என்றாள் மனைவி.

"பொறுங்க மேடம். இது விளையாட்டு இல்ல," என்றார் மாஸ்டர். முன்பக்கமாக ஏந்துவதா, முதுகில் சுமப்பதா, தோளில் போடுவதா என்று விவாதம் தொடங்கியது. தோளில் போட்டால் ஐயாவின் தலை கீழே வரும் என்று ஒரு சீடர் சுட்டிக்காட்டினார். வரட்டும், கால் மேலே வருகிறதே என்றார் இன்னொருவர். கடைசியில் நாற்காலியோடு தூக்குவது என்று, மாமனார் இரண்டு மாதத்துக்கு முன்னால் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அதை மாஸ்டரின் கண்டுபிடிப்பு என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

"சூப்பர் சார்!" என்று சூப்பர் சார் போனை நிமிர்த்திப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கினார். "ஐயா, கொஞ்சம் சிரிங்க. நீங்க மனசுக்குள்ள ஏற்கெனவே இறங்கிட்டீங்க."

"எடுத்ததும் ஆளை வச்சுத் தூக்கறது தப்பு," என்றார் மாஸ்டர். "முதல்ல ஒரு ட்ரயல். நாற்காலியில வேற எடையை வைங்க. ஐயா, கொஞ்சம் எந்திரிங்க."

மாமனார் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று காலையில்தான் மனைவி மூன்று மாடி சுமந்து கொண்டுவந்து வைத்திருந்த தண்ணீர் கேன், அந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டது. விழாமல் இருக்க ஒரு சீடர் தன் இடுப்பு வாரைக் கழற்றிக் கேனைக் கட்டினார். பிடி வழுக்காமலிருக்கக் கைகளில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டார்கள். துணை மேலாளருக்கு நாற்காலியின் முன்பக்க இடது கால் ஒதுக்கப்பட்டது.

"மூணு சொன்னதும் தூக்கணும்!"

"மூணுலயா மாஸ்டர், மூணுக்கு அப்புறமா?"

நல்ல கேள்வி. அதன்மேல் கருத்து வேறுபாடு எழுந்தது. கீழே கார் ஹாரன் அடித்தது.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா மகளைப் பார்த்தார். ஆயுள் முழுக்க லிஃப்டில் அந்நியர்களிடம் கேட்ட கேள்வியை முதன்முறையாக மகளிடம் கேட்டார்.

"கீழயாம்மா?"

"கீழதாம்ப்பா. வாங்க."

இருவரும் வெளியே போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. துணை மேலாளர் கவனித்திருக்கலாம். அந்த நேரம் அவர் தன் முன்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பொடி பூசியதும் அது ரொம்ப நன்றாக இருந்தது.

விவாதம் ஒருவழியாக முடிந்து, 'மூன்றில்' என்று தீர்மானமாயிற்று. "ஒண்ணு! ரெண்டு! மூணு!" என்றார் மாஸ்டர். நாற்காலி பூப்போல எழும்பியது. "ஹா!" என்று கூடம் அதிர்ந்தது. கேன் கம்பீரமாக வாசலைத் தாண்டியது. பக்கத்து வீடுகளில் கதவு திறந்து எட்டிப் பார்த்தார்கள். சிலர் பயந்து மூடிக்கொண்டார்கள். "முதுகு நேரா! மூச்சு வெளிய!" என்று மாஸ்டர் கர்ஜிக்க, சூப்பர் சார் பின்னோக்கி நடந்து வீடியோ எடுக்க, மூன்று மாடி தூக்கிவரப்பட்ட தண்ணீர், மூன்று மாடி இறங்கத் தொடங்கியது. துணை மேலாளருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதற்குத்தானே இத்தனை பாடும்! ஒரு கை வலிக்கவில்லை, ஒரு எலும்பு 'மடக்' என்னவில்லை. இவ்வளவு சுலபமா மாமனார் என்று வியந்துகொண்டே இறங்கினார்.

இரண்டாவது மாடியைத் தாண்டித் திரும்பியதும் ஊர்வலம் நின்றது.

படியில் இரண்டு பேர் உட்கார்ந்து வழியை அடைத்திருந்தார்கள். ஒருவர் மாமனார். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். வெள்ளை வேட்டியின் பின்பக்கம் படிக்கட்டுத் தூசி அத்தனையும் இருந்தது. இன்னொருவர் அவர் தங்கை. காரில் உட்கார்ந்து பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்து, இரண்டு படிக்கு ஒருமுறை நின்று, ஏறி வந்துவிட்டார். பின்னால் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு டாக்ஸிக்காரர் நின்றார். அண்ணனும் தங்கையும் கையைக் கையோடு கோத்துக்கொண்டிருந்தார்கள். மடியில் பொட்டலம் பிரிந்து கிடந்தது. சின்ன வயதில் இருவரும் சேர்ந்து எடுத்த ஒரு போட்டோ. அழுதார்களா, சிரித்தார்களா என்று கேட்டால் இரண்டும்தான். வந்து வெகுநேரம் ஆகியிருக்கவேண்டும். பேச்சு சொந்தக்காரர்களை எல்லாம் முடித்து மருந்து மாத்திரைக்கு வந்திருந்தது.

"வழி விடுங்க! லோடு வருது!" என்றார் மாஸ்டர்.

அத்தை அண்ணாந்து பார்த்தார். மலை மலையாய் ஆட்கள். அவர்கள் தோளுயரத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் வாரால் கட்டப்பட்டு ஒரு தண்ணீர் கேன்.

"இது யாரும்மா?"

"தண்ணி கேன் அத்தை," என்றாள் மனைவி.

"ஐயோ பாவம். அதுக்கும் முழங்கால் வலியா?"

சூப்பர் சார் வீடியோவை நிறுத்தினார். சீடர்கள் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் கழுத்து இல்லாததால் குனிய முடியாமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ட்ரயல் சித்தி," என்றார் துணை மேலாளர். குரல் கேனுக்கு அடியிலிருந்து வந்தது. "அடுத்து மாமாதான். இதோ, இப்பவே, ஒரு நிமிஷம்..."

"நேரமாச்சும்மா. பிளைட் போயிடும்," என்றார் டாக்ஸிக்காரர்.

அத்தை அண்ணன் கையை விட மனமில்லாமல் விட்டார். டாக்ஸிக்காரர் ஒருபக்கம், அண்ணன் மகள் ஒருபக்கம் பிடிக்க மெல்ல எழுந்தார். நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து எதிரே நின்ற துணை மேலாளரைப் பார்த்தார். எப்படியும் அந்த வீட்டு மாப்பிள்ளை. ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாமல் போகக்கூடாது. கையை நீட்டி அவருடைய புஜத்தைத் தொட்டுப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். அசல்தான்.

"உடம்பு நல்லா ஏறியிருக்கு மாப்பிள்ளை. கல்லு மாதிரி இருக்கு. யாருக்கு வச்சிருக்கீங்க?"

துணை மேலாளர் கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டார். படியில் உட்கார்ந்திருந்த மாமனார்தான் மருமகனுக்காகப் பரிந்து பேசினார்.

"அப்படியெல்லாம் கேக்காதம்மா. நீ குடுத்த தட்டு மாதிரிதான் அதுவும். பத்திரமா வச்சிருக்காரு. இன்னைக்கு வரைக்கும் வீட்டுல ஒரு தடவைகூட வெளிய எடுத்ததில்ல."